மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி: கறுப்பின விடுதலைப் போராளிகளை நாடகமாக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மனிதர்களை விலைபேசி விற்ற காலம் அது. அங்கிருந்து தப்பி வந்தவர்களை வீட்டில் ஒளித்து வைத்து, சோறு போட்டு, மாற்றுத் துணி கொடுத்து, கனடா வரைக்கும் அனுப்பி வைத்தவர்களுக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் கறுப்பினத்தவர்களே. அவர்களில் பலர் தாங்களே அப்படித் தப்பி வந்தவர்கள். இவர்கள் வாழ்க்கையைத் தமிழில் நாடகமாக எழுத ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும். தகவல் எது, என் அபிப்பிராயம் எது என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

ஹாரியட் டப்மனை வைத்துத்தானே எல்லோரும் எழுதுகிறார்கள்? நானும் அவரிடமிருந்தே தொடங்கட்டுமா?

தாராளமாகத் தொடங்குங்கள். தானே தப்பி வந்து, பிறகு பல தடவை மேரிலாந்துக்குத் திரும்பிப் போய் மற்றவர்களைக் கூட்டி வந்தவர் அவர். ஆனால் அவரைத் தனி ஆளாகக் காட்டிவிடாதீர்கள். மேரிலாந்தில் அவருடைய கடிதத்தைப் படித்து விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜேக்கப் ஜாக்சன். ஃபிலடெல்ஃபியாவில் வந்தவர்களை வரவேற்றவர் வில்லியம் ஸ்டில். சிரகியூஸில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தவர் ஜெர்மைன் லோகன். இவர்களுக்கெல்லாம் முன்பே நியூயார்க்கில் டேவிட் ரகிள்ஸ் இருந்தார். 1838-ல் தப்பி வந்து, போக இடமில்லாமல் நின்ற இளைஞர், பின்னாளில் பெரிய பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் பெயர் பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸ் தங்கியது இவர் வீட்டில்தான். டக்ளஸின் கல்யாணமும் அங்கேயே நடந்தது. இந்த நான்கு பேரில் யாரை எடுத்தாலும் ஒரு முழு நாடகம் இருக்கிறது. எனக்குக் கேட்டால் ஸ்டில் என்பேன். காரணம் கீழே வருகிறது.

'தலைமறைவு ரயில்பாதை' என்கிறார்களே, அது நிஜமாகவே ரயிலா?

இல்லை. தண்டவாளமும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கு, ஒரு படகிலிருந்து ஒரு வண்டிக்கு என்று ஆட்களை நகர்த்திய ரகசிய ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் அது. ஒளிந்து தங்கும் வீட்டை ஸ்டேஷன் என்றார்கள், கூட்டிப் போகிறவரைக் கண்டக்டர் என்றார்கள். தமிழில் கண்டக்டர் என்றதும் பஸ்ஸும் டிக்கெட்டும்தான் ஞாபகம் வரும். 'வழி அழைத்துப் போகிறவர்' என்று வசனத்திலேயே எளிதாகச் சொல்லிவிடலாம்.

வில்லியம் ஸ்டில் ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர். அதில் என்ன நாடகம் இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

முதலில் அவருடைய அம்மா. அவர் பெயர் சிட்னி, மேரிலாந்தில் அடிமைப்பட்டிருந்தவர். கணவர் லெவின் உழைத்துத் தன் விடுதலையை விலை கொடுத்து வாங்கி நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார். சிட்னி நான்கு குழந்தைகளோடு தப்பி ஓடினார், பிடித்து வந்துவிட்டார்கள். நான்கு பேரையும் தூக்கிக்கொண்டு மறுபடி ஓட முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மகன்களையும் முத்தமிட்டு அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு கிளம்பினார். இந்த முறை பிடிபடவில்லை. பெயரை சாரிட்டி என்று மாற்றிக்கொண்டார். பிறகு நியூ ஜெர்சியில் பிறந்த குழந்தைகளில் கடைக்குட்டி வில்லியம், பிறந்த வருடம் 1821. விட்டு வந்த மகன்கள் லெவின், பீட்டர் இருவரையும் கென்டக்கிக்கு விற்றார்கள். அங்கிருந்து அலபாமாவுக்குப் போனார்கள்.

இப்போது 1850 ஆகஸ்ட். ஃபிலடெல்ஃபியாவில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் ஆபீஸ். குமாஸ்தா வில்லியம் தபாலில் போக வேண்டிய பத்திரிகைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் உள்ளே வருகிறார். 500 டாலர் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டு அலபாமாவிலிருந்து வந்தவர். சின்ன வயதில் பிரிந்த குடும்பத்தைத் தேடுகிறார். வில்லியம் வழக்கம்போல விசாரிக்கிறார். அப்பா பெயர்? லெவின். அம்மா பெயர்? சிட்னி.

எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் கூடப்பிறந்த அண்ணன் என்று வில்லியமுக்குப் புரிந்துவிடுகிறது. உடனே எழுந்து கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. இன்னும் கேட்கிறார், சரிபார்க்கிறார். பீட்டருக்கோ பயம். முன்பின் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஒருவன் இவ்வளவு துருவிக் கேட்கிறானே, ஆள் பிடிக்கிற கூட்டமாக இருக்குமோ என்று. 'நான்தான் உன் தம்பி' என்று கடைசியில் சொன்னபோதுகூட அவரால் சட்டென்று நம்ப முடியவில்லை.

ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பாதி கட்டிய பத்திரிகைக் கட்டு. இவ்வளவுதான் செட். எதிரே இருப்பவர் யார் என்று ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கும் தெரியும். இதற்கு மேல் ஒரு நாடகக்காரருக்கு என்ன வேண்டும்?

அதற்குப் பிறகு வந்தவர்களின் விவரங்களை ஸ்டில் இன்னும் கவனமாக எழுத ஆரம்பித்தார். வயது, நிறம், தெரிந்த தொழில், யாரிடமிருந்து ஓடி வந்தார், விட்டு வந்த மனைவி மக்கள் பெயர், இப்போது வைத்துக்கொண்ட புதுப் பெயர். இன்னொரு பீட்டர் தேடி வந்தால் காட்ட வேண்டுமே! போலீஸ் கையில் சிக்கினால் அதே நோட்டு அத்தனை பேரையும் காட்டிக் கொடுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு கட்டத்தில் அதை ஃபிலடெல்ஃபியாவிலேயே இருந்த 'லெபனான்' என்ற கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். உள்நாட்டுப் போர் முடிந்து, 1872-ல்தான் அது புத்தகமாக வந்தது.

ஃபிலடெல்ஃபியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் அடிமைமுறை இல்லையே? அங்கே வந்து சேர்ந்தவர்கள் ஏன் கனடா வரை ஓட வேண்டும்?

1850-ல் வந்த சட்டம்தான் முக்கியக் காரணம். தப்பியவரை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்லச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. உதவி செய்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வழக்கைத் தீர்க்கும் அதிகாரி 'திருப்பி அனுப்பு' என்றால் 10 டாலர் கட்டணம், 'விட்டுவிடு' என்றால் 5 டாலர். அந்த 10, 5 இரண்டையும் வசனத்தில் வைத்துவிடுங்கள். சட்டத்தைப் பற்றி வேறு விளக்கமே தேவைப்படாது.

துரத்தல், வேட்டை நாய், துப்பாக்கிச் சத்தம் இதெல்லாம் இல்லாமல் பதற்றத்தை எப்படிக் கொண்டுவருவது?

1854 கிறிஸ்துமஸை எடுத்துக்கொள்ளுங்கள். டப்மனின் மூன்று சகோதரர்களை விடுமுறை முடிந்ததும் விற்கப்போகிறார்கள் என்ற செய்தி. டப்மன் தன் பெயரில் எழுத முடியாது. அவருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. வேறொருவரை எழுத வைத்து, ஜேக்கப் ஜாக்சனின் வளர்ப்பு மகன் பெயரில் கடிதம் அனுப்பினார். சீயோன் என்ற பழைய கப்பல் வரும்போது ஏறிக்கொள்ளத் தயாராக இருக்கும்படி சகோதரர்களுக்குச் சொல்லுங்கள் என்று அதில் ஒரு வரி. தபாலைப் பிரித்துப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜாக்சனுக்குப் படித்தவுடனே புரிந்துவிட்டது. அவரோ எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே சகோதரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

எல்லோரும் பெற்றோர் குடிசைக்குப் பக்கத்தில் இருந்த தீவனக் கொட்டகையில் வந்து ஒளிந்தார்கள். அம்மா ரிட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷத்திலும் துக்கத்திலும் சத்தம் போட்டுவிடுவார். அப்பா பென் ராஸிடம் மட்டும் சொன்னார்கள். அவர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு யாராவது வந்து கேட்டால் 'என் பிள்ளைகளை நான் பார்க்கவில்லை' என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டுமே. கிளம்பும்போது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மகன் கையைப் பிடித்துக்கொள்ள, கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார்.

உள்ளே அம்மா கிறிஸ்துமஸ் விருந்து செய்து வைத்துவிட்டு, பையன்கள் வருகிறார்களா என்று வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தார். மகள் டப்மன் கொட்டகையின் பலகை இடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காட்சிக்கு நாய் எதற்கு?

டப்மன் 300 பேரை மீட்டார், அவர் தலைக்கு 40,000 டாலர் என்று எழுதலாமா?

வேண்டாம். அவர் ஏறக்குறைய 13 தடவை போய், சுமார் 70 பேரைக் கூட்டி வந்தார் என்பதே ஆராய்ச்சியாளர்கள் ஆவணங்களை ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. இன்னும் பலருக்கு வழி சொல்லிக் கொடுத்தார். 300 என்பது அவர் வாழ்ந்த காலத்திலேயே ஊதிப் பெருத்த எண். 40,000 டாலருக்கு ஆதாரமே கிடையாது. 1849-ல் அவரும் இரண்டு சகோதரர்களும் முதலில் காணாமல் போனபோது வந்த விளம்பரம், மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர் என்றது. 70 என்ற எண் சின்னதாகத் தெரிந்தால், 70 பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். பெரிய எண் வேண்டுமென்றால் 1863 ஜூன் இருக்கிறது. தென் கரோலினாவில் கோம்பாகீ ஆற்றில் ராணுவப் படகுகளோடு போய் 700-க்கும் மேற்பட்டவர்களை மீட்ட தாக்குதலில் அவர் முன்னின்றார். அது பதிவான செய்தி.

ஒட்டுத்துணிப் போர்வையில் ரகசியக் குறியீடு தைத்து ஜன்னலில் தொங்கவிட்டார்களாமே? மேடையில் அழகாக இருக்குமே?

அழகாகத்தான் இருக்கும். ஆனால் தப்பி வந்தவர்கள் சொன்னவற்றில் அது எங்கும் இல்லை. 1990களின் கடைசியில் வந்த ஒரு புத்தகத்தால் பரவிய கதை. மேடைக்கு அழகான நிஜப் பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. 1848 டிசம்பரில் ஜார்ஜியாவிலிருந்து தப்பிய எல்லன் கிராஃப்ட், வெளுத்த நிறம் கொண்டவர். நோயாளியான வெள்ளைக்கார இளைஞனாக வேடம் போட்டார். கணவர் வில்லியம் அவருடைய வேலைக்காரனாகக் கூடவே வந்தார். எல்லனுக்கு எழுதத் தெரியாது, ஹோட்டலில் கையெழுத்துக் கேட்டால் மாட்டிக்கொள்வார். அதனால் வலது கையைத் துணித் தூளியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். தாடி இல்லாததை மறைக்க முகத்தைச் சுற்றிக் கட்டு, கண்ணை மறைக்கப் பச்சைக் கண்ணாடி. ரயிலும் கப்பலும் மாறி மாறி, கிறிஸ்துமஸ் அன்று ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினார்கள். அந்தத் தூளி ஒன்று போதும்.

உதவி செய்த வெள்ளையர்களும் இருந்தார்களே? அவர்களை எங்கே வைப்பது?

அவர்கள் நின்ற இடத்திலேயே வையுங்கள். மறைக்கவும் வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம். 1855 ஜூலை 18 நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கத் தூதர் ஜான் வீலர், ஜேன் ஜான்சன் என்ற பெண்ணையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஃபிலடெல்ஃபியா வழியாகக் கூட்டிப் போகிறார். கறுப்பர்கள் யாரிடமும் பேசக்கூடாது என்று உத்தரவு. வீலர் சாப்பிடப் போன நேரத்தில், ஹோட்டலில் இருந்த கறுப்பர்களிடம் ஜேன் தனக்கு விடுதலை வேண்டும் என்று சொல்லிவிட்டார். சேதி ஸ்டில்லுக்குப் போனது. ஸ்டில்லும் பாஸ்மோர் வில்லியம்சன் என்ற வெள்ளையரும் ஓடினார்கள். கப்பல் கிளம்பச் சில நிமிடங்களே இருந்தன. மேல்தளத்தில் ஏறி, இந்த மாநிலச் சட்டப்படி நீ சுதந்திரமானவள், விருப்பம் இருந்தால் இறங்கி வா என்றார்கள். ஜேன் எழுந்தார். வீலர் மறித்தார். துறைமுகத்தில் கூலி வேலை செய்த ஐந்து கறுப்பர்கள் குறுக்கே புகுந்து வழி விட வைத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் பாடம். வில்லியம்சன் ஏறக்குறைய நூறு நாள் சிறையில் இருந்தார், நாடு முழுவதும் பெயர் தெரிந்தது. ஐந்து கூலிக்காரர்களில் இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது, அவர்கள் பெயர் பலருக்கும் தெரியாது. ஜேன் ஜான்சனோ, பிடிபடுவோம் என்று தெரிந்தும் திரும்பி வந்து, கோர்ட்டில் முகத்திரையை விலக்கி, யாரும் என்னைக் கடத்தவில்லை, நானே விரும்பித்தான் போனேன் என்று சாட்சி சொன்னார். அதே வழக்கில் மாட்டியிருந்த ஸ்டில் விடுதலையானார். இதில் கதாநாயகி யார் என்று நான் சொல்லவே வேண்டாம். அப்படியும் பலர் முதல் வரைவில் வில்லியம்சனின் சிறைக் காட்சியை எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் காலத்துக் கறுப்பினப் போராளிகளே நாடகம் போட்டிருக்கிறார்களா?

போட்டிருக்கிறார்கள். வில்லியம் வெல்ஸ் பிரௌன் தானே தப்பி வந்தவர். ஈரி ஏரியின் நீராவிக் கப்பல்களில் வேலை பார்த்துக்கொண்டே, 1842-ல் மட்டும் மே முதல் டிசம்பருக்குள் 69 பேரை அக்கரைக் கனடாவில் சேர்த்தார். பின்னாளில் நாடகம் எழுதினார். 1858-ல் அச்சான அது, அமெரிக்காவில் கறுப்பினத்தவர் எழுதி வெளியான முதல் நாடகமாகக் கருதப்படுகிறது. அவரே ஊர் ஊராகப் போய், ஒற்றை ஆளாக, எல்லாப் பாத்திரங்களையும் குரல் மாற்றிப் படித்தார். சொற்பொழிவுக்குக் காசு கொடுக்காதவர்கள் நாடகத்துக்குக் கொடுப்பார்கள் என்று அவர் கண்டுகொண்டார்.

அப்புறம் ஹென்றி 'பாக்ஸ்' பிரௌன். 1848-ல் கர்ப்பிணி மனைவியையும் மூன்று குழந்தைகளையும் விற்று, கண்ணெதிரே கொண்டுபோய்விட்டார்கள். மறுவருடம் மார்ச்சில் மூன்றடி நீளம், இரண்டடி அகலப் பெட்டிக்குள் தன்னை அடைத்துக்கொண்டு ரிச்மண்டிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் பார்சலாகப் போனார். 27 மணி நேரம். வழியில் தலைகீழாக வைத்துவிட்டார்கள். பெட்டி திறந்தபோது அங்கே இருந்தவர்களில் ஸ்டில்லும் ஒருவர். வெளியே வந்த பிரௌன் முதலில் செய்தது, பைபிளின் சங்கீதம் ஒன்றைப் பாடியது. பிறகு இங்கிலாந்தில், 1851-ல், பிராட்ஃபோர்டிலிருந்து லீட்ஸ் வரை மறுபடியும் பெட்டிக்குள் புகுந்து பயணம் செய்து காட்டினார். தான் பட்ட பாட்டைத் தானே நடித்தார்.

இவர்களைக் குறையுள்ள மனிதர்களாகக் காட்டலாமா? மரியாதைக் குறைவு ஆகாதா?

ஆகாது. விற்கப்பட்ட மனைவி மக்களை மீட்க பாக்ஸ் பிரௌன் முயலவில்லை என்று அவரோடு கூட இருந்த ஜேம்ஸ் ஸ்மித்தே குற்றம் சாட்டினார். பெட்டி விஷயத்தை ஊருக்கெல்லாம் சொன்னதால் அந்த வழி மற்றவர்களுக்கு அடைபட்டுவிட்டது என்று ஃபிரெடரிக் டக்ளஸ் எழுதினார். பிரௌனைப் பெட்டியில் அனுப்பிய சாமுவேல் ஸ்மித் அடுத்து இரண்டு பேரை அதேபோல அனுப்ப முயன்று பிடிபட்டு, வருடக்கணக்கில் சிறையில் கிடந்தார் என்பதும் உண்மை. இந்த மூன்று குரலையும் மேடையில் பேசவிடுங்கள். யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

வசனத்தை வட்டார வழக்கில் எழுதலாமா? 'மாஸ்டர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வழக்கில் எழுதுவதில் தப்பில்லை. வெள்ளையர் எல்லோரும் செந்தமிழ், கறுப்பர் எல்லோரும் கொச்சை என்று பிரித்தீர்களானால் அதுதான் தப்பு. 1869-ல் டப்மனின் வாழ்க்கையை முதலில் புத்தகமாக்கிய வெள்ளைப் பெண்மணி அவர் பேச்சைச் சிதைந்த எழுத்துக்கூட்டலில் எழுதினார். அதை அப்படியே தமிழில் பிரதி எடுக்காதீர்கள்.

'மாஸ்டர்' பெரிய சிக்கல். 'ஆண்டை' என்றால் தஞ்சாவூர் வயல் வந்து நிற்கும். 'துரை' என்றால் தேயிலைத் தோட்டம். 'எசமான்' என்றால் பழைய சினிமா. நான் செய்வது இதுதான்: பெயரைச் சொல்ல வைக்கிறேன். ஸ்டில்லின் பதிவுகளில் ஓடி வந்தவர் பெயரோடு, அவரைச் சொத்தாக வைத்திருந்தவர் பெயரும் இருக்கும். பெயர் சொல்லிப் பேசும் சுகத்தை அந்த மேசைக்கு முன்னால் முதல்முறை அனுபவித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

'அடிமை' என்ற சொல்லும் அப்படித்தான். நம் பக்திப் பாடல்களில் ஆண்டவனுக்கு அடிமை என்பது பெருமை, பாசம். அந்த இனிப்பு இந்தக் கதைக்குள் வந்துவிடக் கூடாது. 'அவன் அடிமை' என்பதைவிட 'அவனை அடிமையாக வைத்திருந்தார்கள்' என்று எழுதினால் செய்தவனும் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறான்.

நடிகர்கள் முகத்தில் கரி பூசலாமா?

கூடாது. இவர்கள் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வெள்ளை நடிகர்கள் எரித்த கார்க்கைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து சம்பாதித்தார்கள். நம் நடிகர்கள் அவரவர் நிறத்திலேயே வரட்டும்.

சவுக்கடியை மேடையில் காட்ட வேண்டுமா?

நான் காட்டுவதில்லை. பீட்டரின் அண்ணன் லெவின் அலபாமாவில் அனுமதி கேட்காமல் மனைவியைப் பார்க்கப் போனதற்காக வாங்கிய அடியில் செத்தார். அதை அடியாகக் காட்டினால் பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பீட்டர் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரே வாக்கியத்தில் சொல்ல, குறிப்பெடுப்பவரின் பேனா நின்றுபோனால் போதும்.

எங்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஒரே நடிகர்தான்.

அப்படியானால் ஜான் பார்க்கர். 1845-ல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டவர். ஒஹையோ ஆற்றங்கரை ஊரான ரிப்லியில் இரும்பு வார்ப்பட்டறை வைத்தார். பகலில் பட்டறை, ராத்திரியில் படகு. ஒரு தம்பதி ஓடிவிடுவார்கள் என்று சந்தேகப்பட்ட முதலாளி, அவர்கள் குழந்தையைத் தன் கட்டிலின் கால்மாட்டில் படுக்க வைத்துக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் எரியும் மெழுகுவர்த்தி, துப்பாக்கிகள். பார்க்கர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேடையில் ஒரு கட்டில், ஒரு மெழுகுவர்த்தி.

இவரும் குறிப்பு நோட்டு வைத்திருந்தார். 1850 சட்டத்துக்குப் பிறகு பயந்து, தன் பட்டறை உலையிலேயே போட்டு எரித்துவிட்டார். ஸ்டில் ஒளித்தார், பார்க்கர் எரித்தார். இரண்டு பேர் செய்ததும் சரிதான் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு கற்பனை செய்யலாம்?

வசனம், அறையின் இருட்டு, யாருக்கு எப்போது தொண்டை அடைத்தது, இதெல்லாம் உங்களுடையது. தேதி, எண், யார் யாரைக் காப்பாற்றினார் என்பது உங்களுடையது இல்லை.

நாடகத்தை எங்கே முடிப்பது? கனடா எல்லையில்தானே?

பலரும் அங்கேதான் முடிக்கிறார்கள். பீட்டரின் கதை அங்கே முடியவில்லை. அவர் மனைவி வைனாவும் மூன்று பிள்ளைகளும் அலபாமாவில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டிவரப் போன சேத் கான்க்லின் என்ற வெள்ளையர் 1851-ல் இண்டியானாவில் பிடிபட்டார். திருப்பிக் கொண்டுபோகும் வழியில், விலங்கு பூட்டிய உடலாக ஆற்றில் கிடைத்தார். பீட்டர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு 5,000 டாலர் சேர்த்து, 1854 முடிவதற்குள் நான்கு பேரையும் மீட்டார்.

நான் எழுதியதை அதற்கும் முன்னாலேயே நிறுத்தினேன். 1850 ஆகஸ்டில் பீட்டரை நியூ ஜெர்சிக்கு அழைத்துப் போகிறார்கள். அப்பா இறந்து சில வருடம் ஆகிவிட்டது. அம்மா, ரொம்ப வயதானவர், உள்ளே இருக்கிறார். தூங்கும்போது முத்தமிட்டு விட்டுவந்த இரண்டு பேரில் ஒருவன் வாசலில் நிற்கிறான். அவன் வந்திருக்கிறான் என்று சொல்லும்போதே, மற்றவன் வரமாட்டான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பீட்டர் உள்ளே ஒரு காலை வைக்கும்போது விளக்கை அணைத்துவிட்டோம்.